ஏரி மேலே, இழப்பு கீழே

பொருளியல் வகுப்பில் ‘புறவிளைவு’ என்ற கருத்தை விளக்க, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த சவுத் ஃபோர்க் அணையையே நான் எடுத்துக்காட்டுவது வழக்கம். ஒருவரது செயலுக்கான விலையை, அதில் தொடர்பே இல்லாத வேறொருவர் செலுத்த நேர்வதே புறவிளைவு.

கால்வாய்ப் போக்குவரத்துக்காக மாநில அரசு கட்டிய அந்த மண் அணை, பிற்காலத்தில் செல்வந்தர்களின் பொழுதுபோக்கு மன்றம் ஒன்றுக்கு உடைமையாயிற்று. தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியும் அதன் உறுப்பினர். நீரை வெளியேற்றும் அடிமட்டக் குழாய்களை முந்தைய உரிமையாளர் அகற்றி விற்றிருந்தார். மன்றம் அவற்றை மீண்டும் பொருத்தவில்லை. வண்டிப் பாதைக்காக அணையின் உயரத்தைக் குறைத்தது. மீன்கள் தப்பாதிருக்க உபரிநீர்ப் போக்கியில் தடுப்புகளை அமைத்தது.

1889 மே 31 அன்று, பெருமழையால் நிரம்பிய ஏரி கரைமீறி வழிந்தது, அணை உடைந்தது. ஜான்ஸ்டவுன் நகரமும் வழியிலிருந்த ஊர்களும் சிதைந்தன; 2,209 பேர் மாண்டனர். வழக்குகள் தொடரப்பட்டும் மன்றத்திடமிருந்து இழப்பீடு கிடைக்கவில்லை.

பராமரிப்பைத் தவிர்த்தால் மிஞ்சும் பணம் உரிமையாளருக்கு; அணை உடைந்தால் நேரும் இழப்போ கீழே வாழ்வோருக்கு. இந்தக் கணக்கை நல்லெண்ணம் நேர் செய்யாது. எனவே, தனியார் அணை எவ்வளவு சிறிதாயினும், உரிமையாளரைச் சாராத பொறியாளரின் ஆய்வையும் கட்டாயக் காப்பீட்டையும் சட்டம் வலியுறுத்த வேண்டும்.