சுருள் கேப்பும் கௌபாய் துப்பாக்கியும்

செர்ஜியோ லியோனியின் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ (1966) படத்தில் டூக்கோ என்னும் பாத்திரம் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் நுழைவான். ரிவால்வர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, குண்டு உருளையைக் காதோரம் சுழற்றிக் கேட்பான். ஓசை பிடித்த பாகங்களைச் சேர்த்துத் தனக்கொரு துப்பாக்கி பூட்டிக்கொள்வான். அன்றைய இத்தாலியப் படங்களுக்கு ஒலியைப் பிறகு ஸ்டூடியோவில்தான் சேர்த்தார்கள். காற்று, பூட்ஸ் சத்தம், ஈயின் ரீங்காரம் எல்லாமே தேர்ந்தெடுத்து வைத்தவை. நெடிய அமைதி, பிறகு ஒரே வெடி! இந்தக் கௌபாய் படங்கள் இன்றும் அலுக்காததற்கு இந்த ஒலிதான் முதல் காரணம் என்பேன்.

தமிழில் இயக்குநர் கர்ணன், நடிகர் ஜெய்சங்கரைக் குதிரையேற்றி ‘கங்கா’ (1972), ‘ஜக்கம்மா’ (1972) என்று கௌபாய் படங்களை எடுத்தார். அந்த வெடியோசையைப் பிள்ளைகள் கையில் கொடுத்தது சிவகாசியின் சுருள் கேப், அதாவது வெடிமருந்துப் பொட்டுகள் வைத்த காகிதச் சுருள்.

பொம்மைத் துப்பாக்கியின் விசையை இழுத்தால் உள்ளேயிருக்கும் ஒரு நாக்கு காகிதச் சுருளை ஒரு பொட்டு அளவு மேலே தள்ளும். சுத்தியல் அந்தப் பொட்டில் விழும். வெடித்த காகிதம் மேல்வழியாக நீண்டுகொண்டே வரும். துப்பாக்கி இல்லாத பிள்ளைகளுக்குப் பொட்டைத் தட்டக் கருங்கல் போதும்.

பொட்டுக்குள் இருப்பவை பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும். இரண்டும் தீப்பெட்டி ஊரான சிவகாசிக்குப் பழகிய சரக்குதான். ஆனால் தீப்பெட்டியில் குளோரேட் குச்சியின் தலையிலும் பாஸ்பரஸ் பெட்டியின் பக்கப் பட்டையிலுமாகப் பிரிந்திருக்கும், உரசும்போதுதான் சந்திக்கும். கேப்பில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. அடி விழுந்ததும் குளோரேட் ஆக்சிஜனைக் கொடுக்க, பாஸ்பரஸ் நொடியில் எரிந்து வெண்புகையாகிறது.

டூக்கோவின் கதை நடக்கும் 1862-இல் நிஜ ரிவால்வர்களும் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்தன. சின்னச் செம்புத் தொப்பிக்குள் பாதரச ஃபுல்மினேட் இருக்கும். சுத்தியல் அதைத் தட்ட, பொறி உள்ளே பாய்ந்து கருமருந்தைப் பற்றவைக்கும். பொம்மையில் கருமருந்தும் குண்டும் இல்லை, அவ்வளவுதான்.

கேப்பின் குளோரேட்–பாஸ்பரஸ் கலவையைப் பசையோடு ஈரமாகவே கையாள வேண்டும். காய்ந்துவிட்டால் லேசான உரசலே போதும். பொட்டுப் பொட்டாக வைத்து, மேலே இன்னொரு காகிதம் ஒட்டிக் காயவைப்பதால்தான் அது விளையாட்டுப் பொருளாக நிற்கிறது. பிள்ளைகள் பொட்டுகளைச் சுரண்டி மருந்தை ஓரிடத்தில் சேர்ப்பதைக் கண்டால் உடனே தடுத்துவிடுங்கள். தனிப் பொட்டில் வெறும் சத்தமாக முடிவது, குவியலானால் விரல்களையே பறித்துவிடும்.