கிடுகு ஓட்டையும் கெமராக் கண்ணும்



2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி காலை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்று சூரிய கிரகணம். யாழ்ப்பாணத்தில் வளையமாகத் தெரிந்தது. எங்கள் புத்தளக் கரையில் வளையம் இல்லை, ஆனாலும் சூரியனின் பெரும்பகுதி மறைந்தே போனது. விடுமுறைக்காக உச்சமுனைக்கு வந்திருந்த நான் கிரகணத் தொழுகையை முடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். உம்மா குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"மகன், இஞ்ச வந்து பாருங்க. நிலமெல்லாம் பிறை பிறையா கிடக்குது!"

உண்மைதான். எங்கள் குசினிக்குக் கிடுகுக் கூரை. மற்ற நாட்களில் அதன் ஓட்டைகள் வழியே விழும் வெயில் நாணயம் நாணயமாக வட்டமாக இருக்கும். அன்று அத்தனை வட்டங்களும் பிறைகளாகி அடுப்படியிலும் அம்மிக்கல்லிலும் சிதறிக் கிடந்தன. கூரையின் ஓட்டைகளோ ஒன்று நீளம், ஒன்று கோணல், ஒன்று கிழிசல். அப்படியிருக்க நிலத்தில் விழுந்தவை மட்டும் எப்படி ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன?

அவை ஓட்டையின் வடிவங்கள் அல்ல, சூரியனின் படங்கள். ஒளி நேர்கோட்டில் செல்லும். சூரியனின் மேல் விளிம்பிலிருந்து வரும் ஒளி சிறு ஓட்டைக்குள் நுழைந்து கீழே விழும், கீழ் விளிம்பின் ஒளி மேலே விழும். இப்படித் தலைகீழாக ஒரு முழுப் படம் உருவாகிவிடுகிறது. உம்மா தினமும் சோறாக்கும் அந்த இருண்ட அறைதான் உலகின் முதல் கெமரா என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்தப் பிறைகளைப் பற்றி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தனியொரு நூல் எழுதியவர் இப்னுல் ஹைதம் (ரஹ்). சுமார் 965இல் பஸராவில் பிறந்தவர். நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தலாம் என்ற எண்ணத்தோடு கெய்ரோ சென்றார். நேரில் பார்த்தபோது அது ஆகாத காரியம் என்று விளங்கிற்று. கலீபா அல்ஹாகிமின் கோபத்துக்கு அஞ்சிப் பைத்தியம் பிடித்தவர் போல நடித்தார் என்றும், 1021இல் கலீபா மறையும்வரை வீட்டுக் காவலில் இருந்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். பிற்காலத்தில் நூல்களைப் பிரதியெடுத்து விற்ற வருமானத்தில் வாழ்ந்தார்.

கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் நாம் காண்கிறோம் என்று கிரேக்க அறிஞர் பலர் நம்பியிருந்த கொள்கையை அவருடைய ‘கிதாபுல் மனாழிர்’ மறுத்தது. பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருகிறது என்றார். வெறும் வாதமாக அல்ல, செய்து பார்த்தே சொன்னார். ஓர் இருட்டறையின் துவாரத்துக்கு முன்னால் பல விளக்குகளை வரிசையாக வைத்தார். உள்ளே சுவரில் அத்தனை ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம், தாய்மார்களே.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கெமரா என்ற சொல் அரபியிலிருந்து வந்தது என்றும், கெமராவைக் கண்டுபிடித்தவரே இப்னுல் ஹைதம்தான் என்றும் நம்மவர் சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. இரண்டுமே சரியல்ல. கெமரா என்றால் இலத்தீனில் அறை என்று பொருள். இருட்டறைப் படத்தை அவருக்கு முன்பும் பலர் கண்டிருக்கிறார்கள். அது ஏன் அப்படி விழுகிறது என்று கணக்கோடும் சோதனையோடும் ஆராய்ந்ததே அவர் செய்தது. இல்லாத பெருமையைச் சூட்டுவது அவருக்கு மரியாதையாகாது.

கிரகண நூலில் அவர் கவனித்த இன்னொரு விஷயம் நம் கதைக்கு முக்கியமானது. ஓட்டை பெரிதானால் பிறை கலங்கிப்போகும். ஓட்டை சிறிதாக இருந்தால் படம் தெளிவு, ஆனால் மங்கல். பெரிதாக்கினால் வெளிச்சம் உண்டு, தெளிவில்லை. இந்த இழுபறியைத் தீர்க்க வந்ததுதான் வில்லை. நடுவில் தடித்து ஓரம் மெலிந்த கண்ணாடி, பெரிய வாசலால் நுழையும் ஒளியையும் வளைத்து ஒரே இடத்தில் சேர்த்துவிடும்.

அதன் ஆங்கிலப் பெயரான லென்ஸ், இலத்தீனில் நம் வீட்டுப் பருப்பின் பெயர்! உடைக்காத முழு மைசூர்ப் பருப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள், வில்லையின் வடிவம் விளங்கும். அரபியிலும் வில்லைக்கு ‘அதஸா’ என்றே பெயர். ‘அதஸ்’ என்பது பருப்பு. மூஸா (அலை) அவர்களிடம் அவருடைய மக்கள் கேட்ட உணவுகளில் ஒன்றாக ஸூரத்துல் பகராவின் 61ஆவது வசனத்தில் இது வருகிறது.

ஒளி கண்ணாடிக்குள் எவ்வளவு வளையும் என்ற விதியை 984ஆம் ஆண்டளவில் பக்தாதில் இப்னு ஸஹ்ல் அறிந்திருந்தார். பாடசாலையில் நாம் ஸ்நெல் விதி என்று படிப்பது அதுதான். இப்னுல் ஹைதமின் நூல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு 1572இல் பாசல் நகரில் அச்சேறியது. இதற்கிடையில், 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் மூக்குக் கண்ணாடி பிறந்துவிட்டது. 16ஆம் நூற்றாண்டில் இருட்டறையின் துவாரத்திலும் வில்லை ஏறியது.

ஆனால் படத்தைப் பார்க்க முடிந்ததே தவிர, பிடித்து வைக்க முடியவில்லை. 1839இல் பாரிஸில் அந்த வழி அறிவிக்கப்பட்டது. அப்போதைய வில்லைகள் ஒளியைக் குறைவாகவே உள்ளே விட்டதால் வெயிலில் பல நிமிடங்கள் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. ஒரு குழந்தையை அப்படி உட்கார வைக்க எந்தத் தாயால் முடியும்? 1840இல் வியன்னாவில் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் நான்கு கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்து, பல மடங்கு அதிக ஒளி புகும் முக வில்லையை வடிவமைத்தார். அதற்கான நீண்ட கணக்குகளைப் போட்டுக் கொடுத்தவர்கள் கணக்குத் தெரிந்த பீரங்கிப் படைச் சிப்பாய்கள்.

அந்த வகை வில்லையால் பெயர் பெற்ற ஒரு பெண் நமது நாட்டில்தான் அடக்கமாகியிருக்கிறார். கோல்புறூக் - கமரன் சீர்திருத்தம் என்று பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் மனனம் செய்கிறார்களே, அந்தக் கமரனின் மனைவி ஜூலியா மார்கரட் கமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48ஆவது வயதில், பிள்ளைகள் வளர்ந்து வீடு வெறிச்சோடியிருந்த காலத்தில், மகளும் மருமகனும் ஒரு கெமராவைப் பரிசளித்தார்கள். கரி போட்டு வைக்கும் அறையை இருட்டறையாக்கினார், கோழிக்கூட்டைப் படம் பிடிக்கும் கண்ணாடி அறையாக்கினார். அவர் எடுத்த முகங்களில் ஓரங்கள் கலங்கியிருக்கும். வில்லையைச் சரியாகத் திருப்பத் தெரியாதவர் என்று ஆண்கள் ஏளனம் செய்தார்கள். தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்திலேயே அவர் திருப்புவதை நிறுத்தினார். இன்று அந்தப் படங்களைப் பெரும் நூதனசாலைகள் காத்து வைத்திருக்கின்றன.

1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிவந்தார். களுத்துறையில் இருந்தபோது இங்குள்ள கூலித் தொழிலாளரையும் ஏழைப் பெண்களையும் படம் எடுத்தார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது ஈரம் உலர்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவ வேண்டிய காலம் அது. நம் வெயிலில் அது எத்தனை பெரிய பாடு! 1879இல் டிக்கோயாவில் காலமானார், பொகவந்தலாவையில் அடக்கப்பட்டார்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1884இல் ஜெர்மனியின் யேனா நகரில் வில்லைக்கென்றே புதுவகைக் கண்ணாடி உருக்கும் ஆலை தொடங்கியது. 1902இல் ஸைஸ் நிறுவனத்தின் டெஸ்ஸார் வில்லை வந்தது. இன்று கைத்தொலைபேசிக்குள் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வில்லைகள் ஐந்தாறு ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன.

படம் எடுப்பது கூடுமா என்ற மஸ்அலாவுக்குள் நான் இப்போது நுழையவில்லை. எகிப்தின் முப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் பகீத் (ரஹ்) இதை ‘நிழலைச் சிறைப்பிடித்தல்’ என்று விளக்கி அனுமதித்தார். மறுத்த உலமாக்களும் உண்டு. அடையாள அட்டைக்காவது எல்லோரும் கெமராவுக்கு முன்னால் உட்கார்ந்துதான் இருக்கிறோம்.

அந்த அடையாள அட்டைதான் கற்பிட்டியில் ஒரு மூதாட்டியிடம் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து படகில் வந்தவர். கலியாணப் படம் முதல் எல்லாம் வீட்டோடு போயிற்று. காலமான கணவரின் முகம் இப்போது அந்த அட்டையில் மட்டுமே, பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக.

"தம்பி மௌலவி, இதைப் பெருப்பிச்சுத் தர ஏலுமா?" என்று கேட்டார்.

தொலைபேசியில் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினேன். தாடியும் தொப்பியும் தெரிந்தன. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புப் பொட்டுகள்தான். அன்றைய வில்லை வாங்கி வைத்த ஒளி அவ்வளவுதான், இன்றைய வில்லையால் அதற்குமேல் ஒன்றையும் சேர்க்க முடியாது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார். முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"பரவாயில்ல மகன். என்னையும் ஒண்டு எடுத்து வைங்க. பேரப்பிள்ளைகளுக்கு."

திண்ணைக்கு வரச் சொல்லி, வெளிச்சம் முகத்தில் விழும்படி வாசலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். வில்லையைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அடையாள அட்டையையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.