புதிய வங்கிக்கு டெபாசிட் எப்படிச் சேர்கிறது?

கடன் கேட்டு வருபவரிடம் வங்கி ஆயிரம் விவரம் கேட்கும். டெபாசிட் போட வருபவருக்கு வங்கியை அப்படித் துருவ வழியில்லை. தன் பணம் யாருக்குக் கடனாகப் போகிறது என்பதே அவருக்குத் தெரியாது. அவர் பார்ப்பது இரண்டுதான்: வங்கிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? கேட்ட நாளில் பணம் கைக்கு வருமா?

தெரிந்த முகங்கள்

1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் அர்பத்நாட் நிறுவனம் நொடித்தது. வணிகத்தோடு வங்கித் தொழிலும் நடத்திய அந்த நிறுவனத்தில் ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு சிக்கியது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். வங்கி என்றாலே மக்கள் அஞ்சிய அந்த நேரத்தில்தான் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முன்னின்று முயன்று, 1907 மார்ச்சில் இந்தியன் வங்கி பதிவானது. ஆகஸ்ட் 15இல் வேலையைத் தொடங்கியது. ஊரறிந்த வழக்கறிஞர்கள், நகரத்தார் மூலதனம், சுதேசி உணர்வு மூன்றும் அதற்குத் துணை நின்றன. ஒரு குடும்பத்தின் கையில் இல்லாமல், பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டிய கம்பெனியாக அது அமைந்ததும் முக்கியம்.

தூத்துக்குடியில் 1921இல் நாடார் வங்கி தொடங்கியபோது சமூகச் சங்கத்தின் கட்டுக்கோப்பு அதற்குப் பிணையாக இருந்தது. அதுவே பின்னாளில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளைகள் திறந்தன. செட்டியார்களின் பணம் ஏற்கெனவே புழங்கிய ஊர்களுக்கே வங்கியும் போனது.

பெயர் மட்டும் போதாது

பெயர்பெற்ற வங்கிகளும் விழுந்தன. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கியும், 1960இல் பாலை சென்ட்ரல் வங்கியும் மூடப்பட்டன. அதன்பின் 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அப்போது வரம்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரியில் அது 5 லட்சமானது. ஒரு வங்கியில் ஒருவருக்குள்ள எல்லாக் கிளை டெபாசிட்டுகளும், அசலும் வட்டியும் சேர்த்து, இந்த வரம்புக்குள் அடங்கும். காப்பீட்டுப் பிரீமியத்தை வங்கியே கட்டுகிறது.

2020 நவம்பரில் கரூர் லட்சுமி விலாஸ் வங்கியில் பணம் எடுக்க 25,000 ரூபாய் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. சில நாட்களிலேயே அது டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டது. பங்குதாரர்கள் முதலீட்டை இழந்தார்கள், டெபாசிட்தாரர்கள் இழக்கவில்லை. ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பும் காப்பீடும் இருப்பதால் இன்றைய புதிய வங்கி வெறும் நிறுவனர் பெயரை மட்டும் நம்பி நிற்கவேண்டியதில்லை.

சென்னையின் ஈக்விடாஸ் 2016இல் சிறு நிதி வங்கியானது. இத்தகைய வங்கிகள் பெரிய வங்கிகளைவிடக் கூடுதல் வட்டி தந்து டெபாசிட் திரட்டின. வட்டி, வாடிக்கையாளரை முதல் தடவை உள்ளே அழைத்து வரும். அவர் தங்குவது சேவையைப் பொறுத்தது. வட்டிக்காக மட்டும் வந்த பணம், அரை சதவீதம் கூடக் கிடைத்தால் அடுத்த வங்கிக்குப் போய்விடும்.

மங்கலத்தில் போட்டி யாரோடு?

விசைத்தறியும் பனியன் தொழிலும் சூழ்ந்த, திருப்பூர் அருகிலுள்ள மங்கலம் போன்ற ஊரில் புதிய வங்கிக்குப் போட்டி இன்னொரு வங்கி மட்டுமல்ல. ஏலச்சீட்டும் நகைச்சீட்டும் தீபாவளிச் சீட்டும் சிறுசேமிப்பைத் தேடி வீட்டு வாசலுக்கே வருகின்றன. திருப்பூரில் 2008, 2009இல் அதிக லாபம் காட்டிப் பணம் திரட்டிய பாசி நிறுவனத்திடம் ஆயிரக்கணக்கானோர் ஏமாந்தார்கள். கோவை நீதிமன்றம் 2022இல்தான் தண்டனை விதித்தது. சூடு கண்ட ஊரில் விளம்பரப் பலகைக்கு மதிப்புக் குறைவு.

சனிக்கிழமை சம்பளம் வாங்கும் தொழிலாளி அன்று மாலையே பணம் போட வசதி வேண்டும். வாரத் தவணையில் சிறுதொகை சேமிக்கத் திட்டம் வேண்டும். வெளிமாநிலத்தவருக்கு அவர்கள் மொழியில் பதில் சொல்ல ஆள் வேண்டும். டெபாசிட்டை முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு வட்டி குறையும் என்பதைப் பணம் வாங்கும்போதே சொல்லவேண்டும். மருத்துவச் செலவுக்கு அவசரமாகக் கேட்டவருக்கு அலையவிடாமல் பணம் கிடைத்தால், அந்தச் செய்தி தறிக்கூடம் முழுக்கப் பரவும்.

பணம் போடுபவரும் மூன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: ரிசர்வ் வங்கியின் உரிமம், டெபாசிட் காப்பீடு, கணக்கில் வாரிசுதாரர் நியமனம். 5 லட்சத்துக்கு மேல் சேமிப்பு இருந்தால் அதை ஒன்றுக்கு மேற்பட்ட வங்கிகளில் பிரித்துப் போடுவதே நல்லது.

(தொடரும்)