விடுமுறையில் வந்த ஊழியர்

நம் குடும்பங்களிலே கடல் கடந்து போனவர்கள் இரண்டு விதம். பொருள் தேடிப் போனவர் ஒரு விதம். ஊழியம் செய்யப் போனவர் மற்றொரு விதம். முன்னவர் விடுமுறையில் ஊருக்கு வந்தால் அவரை எவ்விதம் வரவேற்பது என்பது நமக்கு நன்றாகத் தெரியும். பெட்டிகள் திறக்கப்படும், சுற்றத்தார் கூடுவர், யாருக்கு என்ன வந்திருக்கிறது என்று பாட்டிமார் கணக்கெடுப்பர். பின்னவர் வந்தாலோ நமக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. உணவுக்கும் உறைவிடத்துக்கும் போதிய சிறு தொகையை மட்டும் பெற்றுக்கொண்டு, அந்நிய நாட்டுப் பள்ளிக்கூடத்திலோ வைத்தியசாலையிலோ தொண்டாற்றும் ஓர் இளைஞரோ யுவதியோ இரண்டு வாரம் வீட்டுக்கு வந்தால், அவரிடம் திறந்து பார்ப்பதற்குப் பெட்டி இராது. ஆகவே நாம் அவருடைய மனத்தைத் திறக்கப் பார்க்கிறோம். அதுவும் தவறான சாவியைக் கொண்டு!

"தொண்டுக்கென்று போனவனுக்கு வீட்டு நினைவு எதற்கு?" என்பார் ஒரு சாரார். "செய்த தொண்டு போதும், வந்தது வந்தாய், இனித் திரும்பிப் போகாதே" என்பார் மற்றொரு சாரார். முதல் கூட்டத்தார் ஊழியரைச் சந்நியாசியாக்கப் பார்க்கிறார்கள். இரண்டாம் கூட்டத்தார் அவரை மீண்டும் தொட்டிற் பிள்ளையாக்கப் பார்க்கிறார்கள். இரண்டுமே பிசகு என்பது நமது அபிப்பிராயம். இதற்குச் சான்றாக, ஓர் ஊழியர் ஆறு மாத விடுமுறையில் தாய்நாட்டுக்கு வந்த கதையை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அந்த ஊழியர் வேறு யாருமல்லர். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியே.

கப்பலில் ஒரு தமிழ்ப் பாடம்

1893-ஆம் வருஷம் ஒரு வியாபார வழக்கை நடத்துவதற்காகத் தென் ஆப்பிரிக்கா சென்ற காந்தி, வழக்கு முடிந்த பின்னும் அங்குள்ள இந்தியரின் வேண்டுகோளுக்கு இணங்கி நேட்டாலில் தங்கினார். பொது ஊழியத்துக்குக் கூலி வாங்குவதில்லை என்பது அவருடைய உறுதி. வக்கீல் தொழிலில் கிடைத்த வரும்படியே அவருடைய ஜீவனத்துக்கு ஆதாரம். 1894-இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. மூன்று வருஷம் கழிந்தபின், ஊருக்குப் போய்க் குடும்பத்தை அழைத்துவர ஆறு மாத காலம் அவகாசம் தரும்படி அவர் அங்குள்ளோரிடம் கேட்டுக்கொண்டார். 1896 ஜூன் மாதம் "பொங்கோலா" என்னும் கப்பலில் ஏறினார்.

மூன்று வருஷமாக மனைவி மக்களைப் பாராத ஒரு மனிதர், கல்கத்தா போய்ச் சேரும் வரையில் கப்பலில் என்ன செய்திருப்பார்? மேல்தளத்தில் சாய்ந்துகொண்டு வீட்டை நினைத்திருப்பார் என்றுதான் நாம் எண்ணுவோம். அவர் செய்தது வேறு. கப்பல் வைத்தியர் கொடுத்த ஒரு தமிழ்ப் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழ் படித்தார், உருதுவும் படித்தார். நேட்டாலில் தாம் தொண்டு செய்த ஏழைகளில் மிகப் பலர் தமிழர் அல்லவா? ஊருக்குப் போகும் வழியிலும் அவர் யாருடைய ஊழியர் என்பதை மறக்கவில்லை.

ராஜகோட்டையில் இரண்டு கடமைகள்

ராஜகோட்டைக்குச் சென்ற அவர், தென் ஆப்பிரிக்க இந்தியரின் குறைகளைப் பற்றி ஒரு சிறு பிரசுரம் எழுதினார். மேலட்டை பச்சை நிறமாக இருந்தபடியால் "பச்சைப் பிரசுரம்" என்றே அது பெயர் பெற்றுவிட்டது. பதினாயிரம் பிரதிகள் அச்சாயின. அவற்றைச் சுற்றி, விலாசம் ஒட்டி அனுப்பக் கூலியாட்களை வைத்தால் செலவு அதிகமாகும். தெருவிலுள்ள குழந்தைகளைத் திரட்டினார். பள்ளிக்கூடம் இல்லாத காலை வேளைகளில் அவர்கள் வந்து வேலை செய்தார்கள். அதற்கு வெகுமதி, உபயோகித்த தபால் முத்திரைகளும் அவருடைய ஆசீர்வாதமுந்தான். விடுமுறையில் வந்த ஊழியர் தம் வேலையை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்து, ஊர்க் குழந்தைகளுக்கும் அதிலே பங்கு கொடுத்த அழகை நம் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

இந்தச் சமயத்தில் பம்பாயில் இருந்த தமக்கையின் கணவர் கடும் நோயுற்றார். காந்தி அவர்களை ராஜகோட்டைக்கு அழைத்து வந்து, நோயாளியைத் தம் அறையிலேயே படுக்க வைத்து, இரவும் பகலும் பணிவிடை செய்தார். இரவில் கண்விழிக்கும் நேரத்தில் தென் ஆப்பிரிக்க வேலைகளைப் பார்த்தார். நோயாளி பிழைக்கவில்லை. ஆனால் அந்த ஓர் அறையிலே குடும்பக் கடமையும் தேசக் கடமையும் ஒன்றையொன்று தள்ளாமல் அடுத்தடுத்து அமர்ந்திருந்தன. தேசத் தொண்டர் குடும்பத்துக்கு ஆகாதவர் என்று சொல்லுவோருக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

சென்னை கேட்ட செய்தி

செப்டம்பர் 26-ந் தேதி பம்பாயில் பொதுக்கூட்டம் நடந்தது. பின்பு புனாவுக்குச் சென்று திலகரையும் கோகலேயையும் கண்டார். அக்டோபரில் சென்னைக்கு வந்து, 26-ந் தேதி பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். சென்னை ஜனங்கள் காட்டிய உற்சாகத்துக்குப் பாலசுந்தரம் என்னும் ஓர் ஏழைத் தமிழரே முக்கிய காரணம். ஒப்பந்தக் கூலியாக நேட்டால் சென்ற பாலசுந்தரத்தை அவருடைய வெள்ளைக்கார எஜமானன் பற்கள் உடையும்படி அடித்துவிட்டான். கிழிந்த ஆடையுடன், வாயில் இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தி வந்து நின்ற அவரைக் காந்தி வைத்தியரிடம் அழைத்துச் சென்றார், மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டார், வேறொரு எஜமானிடம் மாற்றுவித்தார்.

தென்னாற்காட்டு வாசகர்களுக்கு இது அயலார் கதையன்று. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கூலிக் கப்பல் டர்பன் துறையை அடைந்தது முதல், வடாற்காடு, தென்னாற்காடு, தஞ்சை ஜில்லாக்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழைகள் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். கடலூர், விருத்தாசலம், சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் போனவர் திரும்பாத வீடுகள் எத்தனையோ! அந்த ஏழைகளுக்கு ஆறு மாத அவகாசம் தருவார் யார்? அவர்கள் ஊருக்கு வர முடியவில்லை. அவர்கள் சார்பில் ஓர் ஊழியர் வந்து, தாம் கண்டதைச் சொன்னார். ஊழியரின் ஊர் வருகைக்கு இதனினும் பெரிய பயன் இல்லை. கண் காணாத இடத்தில் நம்மவர் படும் பாட்டை, கண்டவர் வாயால் கேட்கும் பாக்கியம் அதனால் நமக்குக் கிட்டுகிறது. பச்சைப் பிரசுரத்தின் இரண்டாம் பதிப்பு, அதுவும் பதினாயிரம் பிரதிகள், சென்னையிலேயே வெளியாயிற்று.

குடும்பம் கொடுத்த விலை

கல்கத்தாவில் இருக்கும்போது உடனே திரும்பும்படி டர்பனிலிருந்து தந்தி வந்தது. கஸ்தூரிபாவையும், இரு புதல்வரையும், விதவையான தமக்கையின் ஒரே மகனையும் அழைத்துக்கொண்டு "கூர்லாண்டு" என்னும் கப்பலில் காந்தி புறப்பட்டார். பிள்ளைகளுக்கு வயது முறையே ஒன்பது, ஐந்து; மருமகனுக்குப் பத்து. இதற்குள் இந்தியாவில் அவர் எழுதியதன் சுருக்கம் என்று மூன்று நான்கு வரித் தந்தியொன்று இங்கிலாந்து வழியாக நேட்டாலுக்குப் போய், உள்ளதை ஊதிப் பெருக்கிவிட்டது. வெள்ளையர் கொதித்தனர். பம்பாயில் பிளேக் நோய் பரவியிருந்தது நல்ல சாக்காயிற்று. "கூர்லாண்டு", "நாதிரி" ஆகிய இரு கப்பல்களும், அவற்றிலிருந்த சுமார் எண்ணூறு பேரும் டர்பன் துறைக்கு வெளியே இருபத்து மூன்று நாள் நிறுத்தப்பட்டனர்.

1897 ஜனவரி 13-ந் தேதி கரையிறங்கிய காந்தியைக் கூட்டம் கல்லாலும் முட்டையாலும் அடித்தது, உதைத்தது. போலீஸ் சூப்பரிண்டெண்டின் மனைவியான அலெக்ஸாண்டர் அம்மையார் தம் குடையை விரித்து இடையே நின்றிராவிட்டால் என்ன நேர்ந்திருக்குமோ! முன்னரே வண்டியில் அனுப்பப்பட்டிருந்த கஸ்தூரிபாவும் குழந்தைகளும் ருஸ்தம்ஜி வீட்டில் இருந்தனர். இரவில் அந்த வீட்டையும் கும்பல் வளைத்துக்கொண்டது. சூப்பரிண்டெண்டு வாசலில் நின்று பாட்டுப் பாடிக் கும்பலுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருக்க, காந்தி போலீஸ்காரர் வேஷத்தில் வெளியேறினார். அடித்தவர்கள் மேல் வழக்குத் தொடரவும் பின்னர் அவர் மறுத்துவிட்டார்.

சரித்திரப் புத்தகங்கள் காந்தியின் காயங்களைச் சொல்லுகின்றன. வீட்டினுள்ளே, பாஷை தெரியாத ஊரில், மூன்று சிறுவர்களை அணைத்துக்கொண்டிருந்த கஸ்தூரிபாவை நாம் நினைக்க வேண்டும். கணவருடைய ஊழியத்துக்கு அவரும் விலை கொடுத்தவரே. "போய் வா" என்று வாசலில் நின்று விடைகொடுக்கும் ஒவ்வொரு தாயும் மனைவியும் அப்படியே.

வர இயலாதவர்

எல்லா ஊழியரும் விடுமுறை பெறும் பேறு பெற்றவரல்லர். ஜப்பானியப் படையெடுப்பால் சீனா தவித்தபோது, 1938-இல் நமது காங்கிரஸ் மகாசபை ஐந்து டாக்டர்களை அங்கே அனுப்பிற்று. அவர்களில் ஒருவர் சோலாப்பூர் துவாரகாநாத் கோட்னிஸ். சீனாவில் இருக்கும்போதே அவருடைய தந்தை காலமான செய்தி வந்தது. ஊருக்குத் திரும்ப அவருக்கு நியாயமான காரணம் இருந்தது. ஆயினும் அவர் திரும்பவில்லை, போர்முனைக்கே சென்றார். மற்ற நால்வரும் பின்னர் தாய்நாடு திரும்பினர். கோட்னிஸ் 1942 டிசம்பர் 9-ந் தேதி, முப்பத்திரண்டாம் வயதில் அங்கேயே உயிர் நீத்தார். அவர் மணந்த குவோ சிங்லான் என்னும் சீன மாது பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து கணவருடைய குடும்பத்தாரைக் கண்டார். மகன் வர முடியாத வீட்டுக்கு மருமகள் வந்தார்!

கோட்னிஸின் தியாகத்துக்குத் தலை வணங்குகிறோம். ஆனால் அதையே எல்லோருக்கும் அளவுகோலாக்கி, "அவர் வந்தாரா? நீ ஏன் வந்தாய்?" என்று கேட்பது தர்மமாகாது. யுத்தகாலத்தின் நெருக்கடி வேறு. அமைதிக்காலத்தின் முறை வேறு. வரமுடிந்தவர் வருவதே நன்று.

வேறொரு கோணமும் உண்டு. நமக்கு வெளிநாடு என்பது பிறருக்குத் தாய்நாடு. நம் ஊரே பிறருக்கு வெளிநாடு. சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். டென்மார்க் தேசத்தில் பிறந்து 1909-இல் இந்தியா வந்த ஆன் மேரி பீட்டர்சன் அம்மையார் அங்கே சேவா மந்திரம் என்னும் பெண்கள் பள்ளியை நிறுவினார். 1921 செப்டம்பர் 17-ந் தேதி அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டியவர் காந்தியடிகளே. எங்கோ வடகடல் ஓரத்தில் அந்த அம்மையாருக்கும் ஒரு வீடு இருந்தது; உறவினர் இருந்தனர். நம் பெண்களுக்கு எழுத்தறிவித்தவரை நமக்கு விட்டுக்கொடுத்த அந்தக் கண்காணாத குடும்பத்துக்கு நாம் பட்டிருக்கும் கடன், நம் பிள்ளை ஒருவரைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தாலன்றித் தீருமா?

வீட்டார் செய்யத்தக்கது

இன்று கப்பலுக்கு இருபத்து நான்கு நாள் காத்திருக்க வேண்டுவதில்லை. ஆகாய விமானம் ஒரு நாளில் கொண்டுவந்து சேர்க்கிறது. கைப்பேசியில் நாள்தோறும் முகம் பார்க்கிறோம். ஆனாலும் முகம் பார்ப்பது வேறு, ஒரு பந்தியில் அமர்ந்து உண்பது வேறு. ஆகவே வீட்டாருக்குச் சில வார்த்தைகள் சொல்லத் துணிகிறோம்.

வந்தவரை முதல் இரண்டு நாள் தூங்க விடுங்கள். கல்யாணப் பேச்சையும் உத்தியோகப் பேச்சையும் வந்த அன்றே எடுக்க வேண்டாம். "என்ன சம்பாதித்தாய்?" என்று கேட்கும் மாமாவை மரியாதையாக வேறு பேச்சுக்குத் திருப்புங்கள். அங்குள்ள குழந்தைகளின் பெயரென்ன, அவர்கள் என்ன உண்கிறார்கள், அம்மாவை எப்படி அழைக்கிறார்கள் என்று கேளுங்கள்; ஊழியரின் முகம் மலர்வதைக் காண்பீர்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் அவரைப் பேசச் செய்யுங்கள். பூகோளப் பாடம் அன்றைக்குத்தான் நம் மாணவர்களுக்கு உயிர் பெறும். வீட்டில் நோயும் கஷ்டமும் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அவரும் குடும்பத்தில் ஒருவர்தாமே? ஆனால் அக்கஷ்டத்தையே விலங்காக மாட்டி அவரை நிறுத்திவிடாதீர்கள். உண்மையில் தங்க வேண்டிய அவசியம் இருந்தால் அந்த முடிவை அவரே செய்யட்டும்.

இதை வடலூரிலிருந்து எழுதுகிறோம். 1867 மே மாதம் 23-ந் தேதி இராமலிங்க வள்ளலார் சத்திய தருமச்சாலையில் ஏற்றிவைத்த அடுப்பு இன்றளவும் அணையவில்லை. பசித்து வந்தவருக்கு அன்னம் இட்டுக்கொண்டே இருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே மனிதர் அந்த அடுப்பின் முன் நின்றிருக்க முடியுமா? ஒருவர் ஓயும்போது மற்றொருவர் விறகு இடுகிறார். அவர் வீட்டுக்குப் போய் உண்டு உறங்கி, மறுநாள் வந்து தம் முறையை ஏற்கிறார். தீ அணையாமல் இருப்பதன் இரகசியம் இதுவே. கடல் கடந்த ஊழியத்துக்கும் இதே விதி பொருந்தும். ஆகையால், வந்த பிள்ளைக்கு வயிறார அன்னமிடுங்கள். நாள் வந்ததும், கண்ணில் நீர் வந்தாலும் பாதகமில்லை, வாசல் வரை சென்று அனுப்பி வையுங்கள்.