கீழ்வேளூரில் ஒரு நாட்டு நாய்க்கு வீடு வேண்டும்

ஐப்பசி அடைமழையில் கீழ்வேளூர் ரயிலடிப் பக்கம் யாரோ விட்டுவிட்டுப் போன குட்டி இவள். செம்பழுப்பு நிறம், நெற்றியில் மெல்லிய வெள்ளைக் கீற்று, ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். செவலை என்று கூப்பிட்டால் வருவாள். இப்போது எட்டு மாதம் இருக்கும். நிலையான வீடு அமையும்வரை எங்களிடம் வளர்கிறாள்.

விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது, ஆணா பெட்டையா என்பதைத்தான். பெட்டை என்றதும் பேச்சு நின்றுவிடுகிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெட்டை நாய் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் பருவத்துக்கு வரும். பிறகு ஆண்டுக்குச் சுமார் இரண்டு முறை. சினைக்காலம் 63 நாள். ஓர் ஈற்றுக்கு நாலு, ஐந்து, அதற்கு மேலும் குட்டிகள் பிறக்கும். அவற்றில் ஆண் குட்டிக்கு ஆள் கிடைத்துவிடும். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய்ச் சந்தையிலோ வாய்க்கால் கரையிலோ விட்டுவிடுகிறார்கள்.

செவலை விஷயத்தில் அந்தக் கவலை வேண்டாம். கருத்தடை அறுவை முடிந்துவிட்டது. அடிவயிற்றில் விரல் நீளத் தழும்பு இருக்கிறது. முடி வளர்ந்து மூடிவிட்டதால் தடவிப் பார்த்தால்தான் தெரியும். கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டதால் இனிப் பருவத்துக்கு வர மாட்டாள். தெருவின் ஆண் நாய்கள் வாசலில் வந்து கூட்டம் போடாது. கருப்பையில் சீழ் பிடித்து நாய் செத்துப்போகிற நோயும் வராது. முதல் பருவத்துக்கு முன்பே செய்ததால் மடியில் கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். அறுவை செய்த நாய் காவல் காக்காது என்பது வெறும் பேச்சு. உடம்பு மட்டும் கொஞ்சம் பூசும், அதனால் சோற்றை அளந்து வைக்க வேண்டும்.

சோறு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மிச்சக் குழம்பை ஊற்றிப் பிசைந்து நாய்க்கு வைப்பது வழக்கம். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தொடர்ந்து கொடுத்தால் ரத்தச்சோகை வரும். சாக்லேட்டும் திராட்சையும் ஆகாது. வெந்த கோழி எலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும். மசாலா இல்லாமல் வேகவைத்த முட்டை, கறி, அதோடு சோறு போதும்.

வெறிநோய்த் தடுப்பூசியும் பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசியும் போட்டு, அட்டையில் குறித்து வைத்திருக்கிறோம். வெறிநோய் ஊசியை மூன்றாம் மாதத்தில் தொடங்கி ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் அப்படித்தான். வயல் நீர் தேங்கும் நம் பக்கத்தில் எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் அந்தக் காய்ச்சல் நாயையும் பிடிக்கும், மனிதரையும் பிடிக்கும். மாட்டாஸ்பத்திரியிலேயே விவரம் கேட்கலாம். வயலில் எலி மருந்து வைக்கிற சமயத்தில் அவளை அவிழ்த்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கோழியைக் கண்டால் துரத்துவாள். கோழி வளர்க்கிற வீட்டுக்குத் தர மாட்டோம். வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வாள். வற்புறுத்தி வெளியே இழுக்கக் கூடாது. பிள்ளைகளிடம் சாது. ஆனாலும் அவள் சாப்பிடும்போது யாரும் தட்டில் கை வைக்க வேண்டாம். எந்த நாய் கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது.

புது வீட்டில் முதல் சில நாள் சரியாகச் சாப்பிட மாட்டாள், பழைய இடத்தைத் தேடி ஓடப் பார்ப்பாள். பழகும்வரை கயிறில்லாமல் வெளியே விட வேண்டாம். கழுத்துப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தெருநாய் வழக்கில் பிறப்பித்த உத்தரவு, தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்கிறது. எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர் பொறுப்பு என்றும் சொல்கிறது. எங்கள் நிபந்தனையும் அதுதான்.

வீட்டில் எல்லோருக்கும் சம்மதம் என்றால் குடும்பத்தோடு ஒரு சாயங்காலம் வந்து பாருங்கள். பணம் எதுவும் வேண்டாம். வளர்க்க முடியாமல் போனால் மட்டும் வேறு யாருக்கும் கைமாற்றாமல், எங்கும் இறக்கிவிடாமல், எங்களிடமே கொண்டுவந்து விடுங்கள்.