லீவு போட்டும் பதற்றம் போகலையா? பெங்களூரு எலிகள் சொன்ன பதில்!

மறைமலை நகர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட், தாம்பரம் வரை ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்... இதற்கு நடுவே யாராவது "மனசே சரியில்லை" என்றால், "பத்து நாள் லீவு போடு, எல்லாம் சரியாயிடும்" என்பதுதான் நம்ம ஊர் வைத்தியம். அப்படி சரியாகிவிடுமா? பெங்களூரில் எலிகளை வைத்து நடந்த ஆய்வில் இதற்கு ஒரு பதில் இருக்கு.

எலிக்கு ஸ்ட்ரெஸ் கொடுப்பது எப்படி?

தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜி குழுவினர், எலிகளை தினமும் 2 மணி நேரம் அசைய முடியாமல் வைத்தார்கள். இப்படி 10 நாட்கள்.

பயத்தை அளப்பது எப்படி?

கூட்டல் குறி வடிவில், தரையிலிருந்து உயரமாக ஒரு மேடை. அதன் நான்கு பாதைகளில் இரண்டுக்கு சுவர் உண்டு, இரண்டுக்கு கிடையாது. எலிக்கு புது இடத்தைச் சுற்றிப் பார்க்க ஆசை, திறந்தவெளி என்றால் பயம். ஸ்ட்ரெஸ் அனுபவித்த எலிகள் திறந்த பாதையில் இருந்த நேரம் குறைந்தது.

மூளையில் என்ன நடந்தது?

நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸில் நரம்பு செல்களின் கிளைகள் சுருங்கின. பயத்தைக் கையாளும் அமிக்டலாவிலோ கிளைகள் வளர்ந்தன. இது 2002-ல் வெளியான முடிவு.

அடுத்து எலிகளுக்கு 21 நாள் 'லீவு'. ஹிப்போகேம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் அமிக்டலா திரும்பவில்லை, பயமும் குறையவில்லை என்றது 2004 ஆய்வு.

அப்போ எலிக்கும் டிப்ரஷன் வருமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. எலி தன் சோகத்தைச் சொல்லாது. அதன் நடத்தையை மட்டும்தான் அளக்க முடியும். 1977-ல் ரோஜர் போர்சோல்ட் கொண்டுவந்த நீச்சல் சோதனையே உதாரணம். தண்ணீரில் விட்ட எலி நீந்தாமல் மிதந்தால், நம்பிக்கை இழந்துவிட்டதாகக் கணக்கு. மன அழுத்த மருந்து கொடுத்தால் மிதக்கும் நேரம் குறைந்தது. ஆனால், எலி தெம்பைச் சேமிக்கத்தான் மிதக்கிறது என்றும் விஞ்ஞானிகள் வாதிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024-ல் இந்தச் சோதனைக்கு தடையே போட்டுவிட்டது.

நமக்கு என்ன பாடம்?

எலியின் 21 நாள் கணக்கு மனிதருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் ஸ்ட்ரெஸ் முடிந்த பிறகும் பயம் தங்கலாம். அது அவர் பலவீனம் இல்லை. லீவு முடிந்து வந்தவரிடம் "இன்னுமா சரியாகலை?" என்று கேட்காதீங்க. டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416 அல்லது 104 எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம்.