சாயத்தொழிலாளி கண்ட விதி

பட்டுக்குப் பேர்பெற்ற காஞ்சிபுரத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் இடையே, பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது சுங்குவார்சத்திரம். சுற்றியுள்ள ஆலைகளில் கைப்பேசி பூட்டும் இளம்பெண்கள், பணியில் அமரும்முன் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் கம்பியைப் புவித்தொடர்பில் இணைக்கிறார்கள். இவ்வழக்கத்தின் வேர், 1729-இல் இங்கிலாந்தில் ஒரு பட்டுநூல் அறுந்ததில் இருக்கிறது.

கான்டர்பரி நகரத்து ஸ்டீபன் கிரே துணிச்சாயத் தொழிலில் வளர்ந்தவர். தேய்த்த கண்ணாடிக் குழாயின் மின்னூட்டத்தைக் கயிற்றின் வழியே தொலைவுக்குச் செலுத்த முயன்றார். உத்தரத்தில் கட்டிய கயிற்றிலிருந்து ஊட்டம் உத்தரத்துக்குள் கசிந்து மறைந்தது. பட்டுநூலால் தாங்கலாம் என்றார் நண்பர் கிரான்வில் வீலர். நூல் மெல்லியதானால் கசிவு குறையும் என்பது கிரேயின் கணிப்பு, முயற்சியும் பலித்தது. கயிற்றை மேலும் நீட்டியபோது பாரம் தாங்காமல் பட்டு அறுந்தது. அதற்கு ஈடாக மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினார். மறுமுனையில் மின்விளைவு அறவே இல்லை! காரணம் மெலிவன்று, பொருளின் இயல்பே என்று அப்போது தெளிந்தது. கடத்தி, கடத்தாப்பொருள் என்ற பாகுபாடு அங்கே பிறந்தது. மீண்டும் பட்டால் தாங்கி, 700 அடிக்கும் மேல் ஊட்டத்தைச் செலுத்தினார். பலித்துவிட்ட கணிப்பைக்கூடச் சோதனைக்கு உட்படுத்தியது, அறுந்த நூலுக்கு மாற்றுத் தேடிய அவசரம்தான். 1730-இல் ஒரு சிறுவனைக் கடத்தாக் கயிறுகளில் தொங்கவிட்டு, மனித உடலும் மின்னூட்டம் ஏற்கும் என்று காட்டினார்.

நம் ஊர்ப்புறத்தில் இவ்வூட்டத்தை அதிகம் உணர்வதில்லை. ஈரக்காற்று பொருள்கள்மேல் நுண்ணிய நீர்ப்படலத்தைப் பூசுகிறது. ஊட்டம் அதன்வழி வடிந்துவிடும். பட்டம் விடும் சோதனையை 1752-இல் விவரித்த ஃபிராங்கிளின், கையிலுள்ள பட்டுநாடா நனையாதிருக்கக் கூரையடியில் நிற்கச் சொன்னதும் இதனாலேயே. குளிரூட்டிய ஆலைக்கூடத்தில் காற்று உலர்ந்துபோகலாம். வறண்ட காற்றில் கம்பளத்தில் நடப்பவர் உடலில் 35,000 வோல்ட் வரை ஏறக்கூடும். ஈரக்காற்றில் அதே நடை ஏறத்தாழ 1,500 வோல்ட்டே தரும். ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் குறைந்த பொறியை நம் தோல் உணராது. நுண்சில்லுகள் சில 100 வோல்ட்டிலேயே கெடும். தொட்டவருக்கே தெரியாமல் நேரும் இக்கேடு, வாங்கியவர் கையில் மாதங்கள் கழித்து வெளிப்படவும் கூடும்.

இக்கேட்டைத் தவிர்க்க, உடலின் ஊட்டத்தைப் புவிக்கு வடிப்பதே மணிக்கட்டுப் பட்டையின் வேலை. அப்பட்டையின் கம்பியில் 10 இலட்சம் ஓம் மின்தடை ஒன்று பொதிந்துள்ளது. ஊட்டத்தை வடிக்கும் வழியில் தடை எதற்கு? உடலில் தேங்கும் ஊட்டம் மிகச் சிறிது. இத்தடையைக் கடந்தும் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வடிந்துவிடும். ஆனால் பட்டை அணிந்த பெண் 230 வோல்ட் கம்பியைத் தவறித் தொட்டால், தடையில்லாத பட்டை அவர் உடலையே மின்பாதை ஆக்கிவிடும். தடை இருந்தால் பட்டைவழிப் பாய்வது 0.23 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. சில்லுக்காக வந்த கருவியில் அணிபவரின் உயிரையும் எண்ணிப் பார்த்த இந்த வடிவமைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். கம்பி அறுந்த பட்டையை மட்டுமன்றி, தடை குறைந்த பட்டையையும் சோதனைக் கருவி ஒதுக்கித் தள்ளுவது அதனால்தான்.